அண்ணன் போட்டோவ கழட்டிடவா?

வணக்கம் மேடம். என் பெரியண்ணன் பாரா கமாண்டோ. 1987 அக்டோபர்ல, இந்தியா இலங்கைக்கு அனுப்புன அமைதிப்படையோட யாழ்ப்பாணம் போனவர் அங்கயே சண்டைல இறந்துட்டார், நான் அப்ப பத்தாவது. உடம்பு வரல, அஸ்தியும் ஒரு கறுப்பு ட்ரங்க் பெட்டியும்தான் வந்துச்சு. எப்படி செத்தார்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, லீவுல வந்தாலும் வேலைய பத்தி வாயே திறக்க மாட்டார். துக்கம் கேட்க வந்தவங்களே "நம்ம ஜனத்த சுடப் போனவன்தானே"ன்னு திண்ணைல பேசிக்கிட்டாங்க, அது அம்மா காதுல விழுந்துடுச்சு, அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அம்மா அவர் பேர எடுக்கல.

இப்ப என் பையன் விரும்புற பொண்ணு யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவளோட தாத்தா அதே அக்டோபர்ல ஷெல் விழுந்து செத்தவராம். அடுத்த மாசம் பேசி முடிக்க வர்றாங்க. ஹால்ல மெரூன் தொப்பியோட அண்ணன் போட்டோ, கழட்டி வச்சிடலாம்ங்கறார் வீட்டுக்காரர். எனக்கு கை வரல, தூக்கமும் இல்ல. இத்தனை வருஷம் கழிச்சு அழறது வியாதியா மேடம்?

பதில்:

வியாதின்னு இப்பவே பேர் வைக்காதீங்கம்மா. சாவு வீட்ல ஊரே கூடி அழும்ல, உங்க வீட்ல அது நடக்கவே இல்ல. ஊர் ஒத்துக்காத துக்கம்னு ஒண்ணு இருக்கு, துக்கத்த பத்தி ஆராய்ச்சி பண்ற கென்னத் டோக்கா 1989லயே இத பத்தி எழுதிருக்கார், அழ விடாம அமுக்குனது அப்படியே உள்ள கிடக்கும். 1990 மார்ச்ல அமைதிப்படை மெட்ராஸ் வந்து இறங்குனப்ப முதல்வர் கருணாநிதியே வரவேற்க போகல. அங்க நம்ம ஜனம் பட்டது நிஜம், அதனாலதான். ஆயிரத்துக்கு மேல வீரர்கள் திரும்பி வராததும் நிஜம்தான். அந்தப் போர் சரியா தப்பான்னு நீங்க தீர்ப்பு சொல்லி முடிச்சிட்டுத்தான் அண்ணனுக்கு அழணும்னு யாரும் சட்டம் போடல.

போட்டோவ சொல்லாம கழட்டாதீங்க, அம்மா செஞ்சதையே திரும்ப செய்ற மாதிரி ஆகிடும். அதுக்காக அவங்க வந்து செவுத்த பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்னும் விடாதீங்க, அது அவங்களுக்கு ரொம்ப அதிகம். முதல்ல பையன் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லட்டும், அப்புறம் நீங்க அவங்கம்மாவுக்கு போன் போட்டு, "என் அண்ணன் அங்க செத்தார், உங்க வீட்லயும் ஒருத்தர் போனது தெரியும், என் அண்ணன் போட்டோ ஹால்ல இருக்கு, உங்களுக்கு கஷ்டமா இருக்குமா"ன்னு நேரா கேளுங்க. ராணுவத்துக்கு வக்காலத்து வேணாம், அவங்ககிட்ட மன்னிப்பும் எதிர்பார்க்காதீங்க. கஷ்டம்னு சொன்னா அன்னிக்கு உள்ரூம்ல வைங்க, கேட்டுட்டு நகர்த்துறது ஒளிக்கிறது ஆகாது. அவங்க பேசவே விரும்பலன்னாலும் விட்டுடுங்க.

இன்னொண்ணு. உங்க லெட்டர் முழுக்க அண்ணன் கமாண்டோவா மட்டும்தான் இருக்கார். உங்கள சீண்டுன அண்ணன் எங்க? பட்டாளத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோ ஒண்ணு தேடி எடுங்க, அவர் எப்படிப்பட்ட ஆளுன்னு பையனுக்கு சொல்லுங்க. டெல்லில 2019ல திறந்த தேசிய போர் நினைவுச்சின்னத்துல இலங்கைல செத்தவங்க பேரையும் கல்லுல பொறிச்சிருக்காங்க, முடிஞ்சா பையனோட ஒரு தடவ போயிட்டு வாங்க.

தூக்கம் இப்படியே கெட்டுச்சுன்னா நேர்ல ஒரு டாக்டர பாருங்க, ராத்திரில தாங்க முடியலன்னா 14416க்கு போன் போடுங்க, அரசோட மனநல உதவி எண் டெலிமானஸ், இலவசம், தமிழ்லயே பேசலாம்.