ஓவியர் ஒருவரைப் பற்றிய பழைய பாடல் எதுவும் உங்களைப் பழைய நாட்களுக்கு அழைத்துச் சென்றதுண்டா?

உண்டு. அது ஒரு ரஷ்ய மொழிப் பாடல். ‘மில்லியோன் ஆலிஹ் ரோஸ்’ என்று தொடங்கும் பல்லவியை இப்போதும் யாராவது முணுமுணுத்தால் நான் இருந்த இடத்திலேயே நின்றுவிடுவேன். பத்து லட்சம் செக்கச்சிவந்த ரோஜாக்கள் என்று பொருள். ஆல்லா புகச்சோவா பாடி 1982இல் இசைத்தட்டாக வந்தது. நான் மருத்துவம் படிக்கச் சோவியத் ஒன்றியம் போய்ச் சேர்ந்தபோது அதற்கு நான்கு வயது. ஆனாலும் திருமண வீடு, ரயில் பெட்டி, மாணவர் விடுதி என்று எங்கே போனாலும் அது ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

செர்னோபில் விபத்து நடந்த அதே 1986ஆம் ஆண்டு செப்டம்பரில் போனேன். அதுவும் உக்ரைனுக்கே. அம்மா அழுதது விமான நிலையம் வரை ஓயவில்லை. நகரத்தின் பெயர் கார்கிவ். அப்போது எங்கள் வாயில் கார்கோவ். முதல் ஓராண்டு முழுக்க மொழிப் பயிற்சிதான். அதன் பிறகே உடற்கூறியல் புத்தகத்தைத் தொடலாம். விடுதி அறைச் சுவரில் ஒரு சின்ன வானொலிப் பெட்டி பதித்திருந்தது. அலைவரிசை மாற்ற முடியாது. ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு நாட்டுப்பண்ணோடு அது விழிக்கும், நாங்களும் விழிப்போம். அந்தப் பெட்டியில்தான் பாடலை முதலில் கேட்டேன். ஒரு வார்த்தை புரியவில்லை. ‘மில்லியன்’ மட்டும் மூன்று முறை திரும்பத் திரும்ப வந்தது தெரிந்தது.

புரிய வைத்தவர் எங்கள் மொழி ஆசிரியை. அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். அங்கே ஆசிரியர்களை ‘மேடம்’ என்றெல்லாம் அழைப்பதில்லை. பெயரோடு தந்தை பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் மரியாதை. என் பெயருக்கு முன்னால் இருந்த ஒற்றை எழுத்தைச் சுட்டி இது என்ன என்று கேட்டார். அப்பாவின் பெயர் என்றேன். “அப்படியென்றால் நீ நம் வீட்டுப் பிள்ளைதான்” என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து என் அப்பா பெயரையும் சேர்த்தே கூப்பிட்டார். பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது எத்தனை பெரிய ஆறுதல் என்று வீட்டை விட்டுத் தொலைதூரம் போனவர்களுக்குத் தெரியும்.

ரஷ்ய மொழியில் எண்ணிக்கை எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. ஒன்றென்றால் ரோஸா. இரண்டு, மூன்று, நான்கென்றால் ரோஸி. ஐந்து முதல் கடைசி உயிரெழுத்தும் உதிர்ந்து, வெறும் ரோஸ். எண்ணிக்கை பெருகினால் சொல் குறுகிவிடும்! நாங்கள் தவறாகச் சொல்லிச் சொல்லிச் சலித்த ஒரு நாள், அவர் கரும்பலகையில் இந்தப் பல்லவியை எழுதிவிட்டுப் பாடத் தொடங்கினார். நல்ல குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அன்றைக்குப் படிந்த அந்த வேற்றுமை உருபு இன்றுவரை பிசகியதில்லை.

பாட்டு சொல்லும் கதை சின்னதுதான். ஓர் ஏழை ஓவியன், ஒரு நடிகை. அவளுக்குப் பூக்கள் என்றால் உயிர். அவன் வீட்டை விற்றான், ஓவியங்களை விற்றான், அந்தப் பணம் முழுவதற்கும் பூ வாங்கினான். விடிந்ததும் அவள் சன்னலைத் திறந்தால் கீழே சதுக்கம் முழுக்க ரோஜா. எந்தப் பணக்காரனின் வேலையோ இது என்று அவள் நினைக்கிறாள். அவனோ மூச்சு விடவும் மறந்து அந்தச் சன்னலுக்குக் கீழேயே நிற்கிறான். அன்றிரவே ரயில் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. அவன் தனியனாகவே வாழ்ந்து முடிகிறான். ஆனால் அவன் வாழ்வில் ஒரு சதுக்கம் நிறையப் பூக்கள் இருந்தன.

ஆசிரியை பொருள் சொல்லி முடித்ததும் வகுப்பில் ஒருவன் எழுந்தான். அந்த நாட்டில் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில்தான் பூக் கொடுப்பார்கள், இரட்டைப்படை சாவுக்கு. அதை அதற்கு முந்தின வாரம்தான் கற்றிருந்தோம். பத்து லட்சம் இரட்டைப்படை ஆயிற்றே என்று கேட்டான். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவன் எண்ணிப் பார்த்திருக்க மாட்டான்” என்றார்.

எண்ணிப் பார்த்தவர்கள் நாங்கள்தான். கார்கிவ் நகரின் நடுவில் ஒரு பிரம்மாண்டமான சதுக்கம் இருக்கிறது. அப்போது ஜெர்ஜின்ஸ்கி சதுக்கம், இப்போது சுதந்திரச் சதுக்கம். ஐரோப்பாவின் மிகப் பெரிய சதுக்கங்களில் ஒன்று, ஏறத்தாழ 12 ஹெக்டேர். அதன் ஒரு முனையில் 1928இல் கட்டி முடித்த டெர்ஜ்புரோம் என்னும் கட்டடம். கான்கிரீட் கோபுரங்களை வானத்தில் பாலங்களால் இணைத்தது போல நிற்கும். என் அறைத்தோழன் மட்டக்களப்புக்காரன். ஒரு மார்ச் மாதம், பனி உருகிச் சேறாகிக் கிடந்த அந்தச் சதுக்கத்தின் ஓரத்தில் நின்று இருவரும் கணக்குப் போட்டோம். பத்து லட்சத்தை இங்கே பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு எட்டு ரோஜா தேறும். அவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவன் மட்டும் வெகுநேரம் அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊரிலிருந்து கடிதம் வந்து இரண்டு மாதமாகியிருந்தது அவனுக்கு. எட்டு போதும் என்றான். இன்று அந்தப் பாட்டைக் கேட்டால் எனக்குத் தெரிவது ரோஜா இல்லை, அந்த மார்ச் மாதச் சேறும் அவன் நின்ற நிலையும்தான்.

பாடலின் வரலாறு பிறகுதான் தெரிந்தது. மெட்டு லாட்வியாவுடையது. ரைமண்ட்ஸ் பவுல்ஸ் இசையமைத்து 1981இல் லாட்விய மொழியில் வந்த பாட்டு அது. அதில் ஓவியனும் இல்லை, ரோஜாவும் இல்லை. மாரா என்னும் தாய்த்தெய்வம் ஒரு பெண்ணுக்கு உயிரைக் கொடுத்துவிட்டு நல்வாழ்வைக் கொடுக்க மறந்துவிட்டதைப் பற்றிய, தாயிடமிருந்து மகளுக்குப் போகும் தாலாட்டு. மாரா என்ற பெயரைப் படித்ததும் எனக்கு நம் மாரியாத்தா நினைவுக்கு வந்தாள். சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை, வந்தாள். அந்த மெட்டுக்கு ரஷ்யக் கவிஞர் அந்திரேய் வஸ்னெசென்ஸ்கி புதிதாக வரிகள் எழுதினார். கதையை அவர் எடுத்துக்கொண்டது, பவுஸ்தோவ்ஸ்கி என்னும் எழுத்தாளர் சொல்லியிருந்த ஒரு ஜார்ஜிய ஓவியரின் வாழ்க்கையிலிருந்து. அந்த ஓவியர் நிக்கோ பிரோஸ்மானி.

பாடலில் அவர் பெயர் வராது. அவர் வரைந்த படம் ஒன்றைப் பற்றியும் ஒரு சொல் கிடையாது. பாடல் மீது எனக்கிருக்கும் ஒரே வருத்தம் இதுதான். பத்து லட்சம் ரோஜாவைத் தெரிந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஜப்பானிலும் கொரியாவிலும்கூட அவரவர் மொழியில் பாடுகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் அவருடைய ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்திருப்பார்கள்?

நான் 2017இல் பார்த்தேன். அக்கா மகன் ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். நம் பிள்ளைகள் பலர் இப்போது அங்கேதான் போகிறார்கள். அவனைப் பார்க்கப் போனபோது, ருஸ்தவேலி சாலையில் உள்ள தேசிய ஓவியக் கூடத்துக்கு அழைத்துப் போகச் சொன்னேன். ரோஜா கொடுத்தவன் என்ன வரைந்தான் என்று பார்க்கும் ஆசை எனக்கு முப்பது ஆண்டுகளாக இருந்தது.

உள்ளே போனால் ஒரே கறுப்பு. பிரோஸ்மானி பெரும்பாலும் துணித்திரையில் வரைந்தவர் அல்லர். மேசைமேல் விரிப்பார்களே, அந்தக் கறுப்பு மெழுகுத்துணியில் வரைந்தார். கறுப்பு வேண்டிய இடத்தில் வண்ணமே பூசாமல் துணியை அப்படியே விட்டுவிடுவார். அதனால் அவருடைய மனிதர்களும் விலங்குகளும் இருட்டுக்குள்ளிருந்து நம்மை நோக்கி எழுந்து வருவதுபோல இருக்கிறது. அந்த ஒட்டகச்சிவிங்கியின் கண் மனிதக் கண். குற்றம் சாட்டாமல், ஆனால் எல்லாம் தெரிந்ததுபோல நம்மைப் பார்க்கிறது. நடிகை மார்கரீட்டாவின் படமும் இருந்தது, 1909இல் வரைந்தது. வெள்ளை உடையில், கையில் பூச்செண்டோடு நிற்கிறாள். அந்தச் செண்டைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பத்து லட்சம் ரோஜா நடந்ததோ நடக்கவில்லையோ, அவர் கையால் அவளுக்கு ஒரு செண்டு கொடுத்துவிட்டார். அது இன்னும் வாடவில்லை.

உண்மையான பிரோஸ்மானி வாழ்ந்த வாழ்க்கை பாட்டைவிடக் கடுமையானது. 1862இல் கக்கேத்தி பகுதியில் மிர்சானி என்னும் கிராமத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். ரயில்வேயில் வேலை பார்த்தார். பால், வெண்ணெய் விற்கும் கடை வைத்தார், அது நிலைக்கவில்லை. யாரிடமும் ஓவியம் கற்கவில்லை. திபிலிசியின் மதுக்கடைகளுக்குப் பெயர்ப்பலகையும் சுவர்ப்படமும் வரைந்து கொடுப்பார். பெரும்பாலும் கூலி ஒரு வேளைச் சாப்பாடும் ஒரு குவளை மதுவும்தான். விற்பதற்கு வீடு இருந்த மனிதராக எனக்குத் தோன்றவில்லை. 1912இல் ஸ்தானெவிச் சகோதரர்களும் அவர்களுடைய ஓவிய நண்பரும் ஒரு மதுக்கடைச் சுவரில் அவர் படங்களைக் கண்டு வியந்து போனார்கள். அடுத்த ஆண்டே அவற்றில் சில மாஸ்கோ கண்காட்சிக்குச் சென்றன. பிறகு 1916இல் ஜார்ஜிய ஓவியர் சங்கம் அவரைத் தன் கூட்டத்துக்கு அழைத்தது. அங்கே அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஊரின் நடுவில், எல்லோருக்கும் பக்கமாக, ஒரு பெரிய மரவீடு கட்டுவோம், பெரிய மேசை ஒன்றும் தேநீருக்கு வெந்நீர் கொதிக்கவைக்கும் பெரிய சமோவார் ஒன்றும் வாங்குவோம், தேநீர் குடித்துக்கொண்டே ஓவியம் பற்றிப் பேசுவோம். பிறகு ஒரு பத்திரிகை அவரைக் கேலிச்சித்திரமாகப் போட்டது. மனம் உடைந்து ஒதுங்கிக்கொண்டார். 1918இல் பசியும் நோயுமாக இறந்தார். புதைத்த இடம் எது என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. பின்னர் ஜார்ஜியா, ‘லாரி’ என்னும் தன் நாணயத்தின் ஒரு லாரித் தாளில் அவர் முகத்தை அச்சிட்டது.

ஒருவருக்கு ஒரு சதுக்கம் ரோஜா கொடுத்த கதையைவிட, எல்லோருக்கும் தேநீர் கேட்ட கதைதான் எனக்கு இப்போது பெரிதாகத் தெரிகிறது. ஒருவேளை வயதாகிவிட்டது காரணமாக இருக்கலாம். சுவர் வானொலி பாடிய அந்த விடுதிச் சமையலறையில் வியட்நாம்காரன், சிரியாக்காரன், மட்டக்களப்புக்காரன் எல்லோரும் ஒரே அடுப்புக்குக் காத்திருந்து, ஒரே கெட்டிலில் தேநீர் போட்டுக் குடித்தோம். பிரோஸ்மானி கேட்ட மேசை அதுதான் என்று தோன்றும்.

சோவியத் மாணவனாகப் போன நான், 1993இல் உக்ரைனின் பட்டத்தோடு திரும்பினேன். இடையில் நாடே இல்லாமல் போய்விட்டது. ஆசிரியையின் கடிதங்கள் 1999 வரை வந்தன; உறையில் என் அப்பா பெயரையும் எழுதாமல் விடமாட்டார். பிறகு நின்றுவிட்டன. முகவரி மாறியிருக்கும் என்று நான் சொல்லிக்கொண்டேன்.

2022 மார்ச் 1ஆம் தேதி காலை, தொலைக்காட்சியில் அந்தச் சதுக்கத்தைப் பார்த்தேன். அதன் ஓரத்திலுள்ள நிர்வாகக் கட்டடத்தின்மேல் ரஷ்ய ஏவுகணை விழுந்து வெடித்தது. நானும் நண்பனும் நின்று கணக்குப் போட்ட இடம் முழுக்கக் கண்ணாடித் துண்டும் கல்லும். அவன் இப்போது கனடாவில் இருக்கிறான். அன்று மாலை தொலைபேசியில் அழைத்து ஒன்றும் பேசாமல் இருந்தான், நானும் பேசவில்லை. 2024 அக்டோபரில் டெர்ஜ்புரோம் கட்டடத்தின் மேலும் குண்டு விழுந்தது.

ரஷ்ய மொழிப் பாட்டை இனிமேல் எப்படிக் கேட்பாய் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பல நாள் நான் கேட்கவில்லை. பிறகு யோசித்தேன்: மெட்டு லாட்வியாவுடையது, ஓவியர் ஜார்ஜியர், எனக்குக் கற்பித்தவர் கார்கிவ்காரர். பாடிய புகச்சோவாவும் 2022 செப்டம்பரில் போரை எதிர்த்து வெளிப்படையாக எழுதிவிட்டார். குண்டு போடுகிறவர்களுக்கு இந்தப் பாட்டை நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

நான் இப்போது இருப்பது ஓசூரில். சுற்றிலும் ரோஜாத் தோட்டங்கள், பசுமைக்குடில்கள். செந்நிறத் தாஜ்மகால் ரோஜாவை இருபது காம்புகள் கொண்ட கட்டாகக் கட்டி வெளியூருக்கு அனுப்புகிறார்கள். உக்ரைனில் செப்டம்பர் முதல் தேதி பள்ளிகளும் கல்லூரிகளும் திறக்கும் நாள். மாணவர்கள் ஆசிரியர்களுக்குப் பூக் கொண்டுபோவார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில் கடைக்குப் போய்க் கட்டைப் பிரித்து ஐந்து மட்டும் கொடுங்கள் என்று கேட்கிறேன். கட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள் டாக்டர், விலை ஒன்றும் பெரிதில்லை என்கிறார் கடைக்காரர். என் ஆசிரியைக்கு இப்போது தொண்ணூறு வயதை நெருங்கியிருக்க வேண்டும். அவர் எங்கே, எப்படி இருக்கிறார் என்று சொல்ல எனக்கு யாருமில்லை. கடைக்காரர் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்து வைத்தால், அதை எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.