தேய்வழக்கு: பொருளும் புழங்கும் இடமும்

கேள்வி: என் கட்டுரையைத் திருத்திய பதிப்பாசிரியர் மூன்று இடங்களில் ‘தேய்வழக்கு’ என்று ஓரத்தில் குறித்திருக்கிறார். எதையும் நான் இருமுறை எழுதவில்லையே. பிறகு எதைத் திருத்துவது?

பதில்: தேய்வழக்கைக் ‘கூறியது கூறல்’ என்று எண்ணிவிட்டீர்கள். கூறியது கூறல், நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களுள் ஒன்று. முன்பு சொன்னதையே அதே நூலுக்குள் மீண்டும் சொல்வதை அது குறிக்கும். தேய்வழக்கோ, நீங்கள் ஒரே ஒருமுறை எழுதியிருந்தாலும், உங்களுக்கு முன் பலரும் எழுதியெழுதிக் கூர் மழுங்கிப்போன தொடர். ‘கிளீஷே’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ஈடாக இதை வழங்குகிறோம். அச்சுக்கூடத்தின் வார்ப்புத் தகட்டைக் குறித்த அந்தச் சொல் ஒரே அச்சிலிருந்து பல படிகள் எடுப்பதை நினைவூட்ட, தமிழ்ச் சொல் தேய்மானத்தைச் சொல்கிறது. இது வினைத்தொகை ஆதலால் தேய்ந்த வழக்கு, தேய்கின்ற வழக்கு, தேயும் வழக்கு என்று முக்காலத்துக்கும் விரியும். இன்று பளிச்சென்று தோன்றும் தொடருக்கும் நாளை இதே கதி நேரலாம் என்பது அந்த இலக்கணத்திலேயே அடங்கியிருப்பதை நான் மிகவும் ரசிப்பதுண்டு.

‘அரங்கில் மக்கள் வெள்ளம் அலைமோதியது’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளம், அலை இரண்டும் உருவகங்கள். ஆயினும் படிப்பவர் மனத்தில் நீர் தோன்றுவதேயில்லை, கூட்டம் அதிகம் என்ற செய்தி மட்டுமே போய்ச் சேர்கிறது. ‘மக்கள் வெள்ளம் வரிசையில் நின்றது’ என்று ஒருவர் கூசாமல் எழுதுவதும், அதை நாம் திடுக்கிடாமல் படித்துக் கடப்பதும் அந்த உருவகம் செத்துவிட்டது என்பதற்குச் சான்று. ‘நாற்காலிகள் நிரம்பிய பின் வந்தவர்கள் படிகளில் அமர்ந்தார்கள், கதவைச் சாத்த முடியவில்லை’ என்று கண்டதை எழுதினால் கூட்டம் கண்முன் நிற்கும்.

‘இந்த உவமை தேய்வழக்காகிவிட்டது’, ‘தேய்வழக்கான வருணனை’ என்றெல்லாம் எழுதலாம். ஆனால் ஓர் ஆளைத் தேய்வழக்கு என்று சொல்வதில்லை. சொன்னதையே சொல்பவரைப் பற்றிப் பேச்சில் ‘அரைத்த மாவையே அரைக்கிறார்’ என்போம். பலமுறை கேட்ட நகைச்சுவை ‘புளித்துப்போனது’. ‘சப்பென்று இருக்கிறது’ என்பது வேறு. புத்தம்புதிய கருத்தும் சப்பென்று இருக்கக்கூடும்.

பழமொழி தேய்வழக்காகாது, அது எல்லோருக்கும் பொதுவான சொத்து என்று தெரிந்தேதான் அதை எடுத்தாள்கிறோம். இரங்கல் மடலில் வரும் ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ தேய்ந்த தொடர்தான் என்றாலும், துக்கத்தில் இருப்பவர் அங்கே புதுமையைத் தேடுவதில்லையாகையால், நான் அதில் கை வைப்பதில்லை.

உங்கள் கட்டுரையில் குறிக்கப்பட்ட மூன்று இடங்களிலும், மாற்றுத்தொடர் தேடுமுன், அந்தத் தொடரை அடித்துவிட்டு வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். பொருள் குறையவில்லை என்றால் அடித்தது அடித்தபடியே இருக்கட்டும். குறைந்தால் மட்டும், அங்கே நீங்கள் உண்மையில் கண்டது என்ன என்பதை எழுதுங்கள்.