குடும்பமாக நடத்தும் ஒயின் ஆலை வளர்ந்த பிறகும் குடும்பத்தின் கையில் நிற்குமா?

கேள்வி இதுதான்: குடும்பத் தொழிலாக ஆரம்பிக்கும் ஒயின் ஆலை எப்படி வளர்கிறது, பெரிதான பிறகும் அந்தக் குடும்பத்திடமே இருக்குமா?

நின்றதற்கும் நிற்காமல் போனதற்கும் ஒரே வீட்டிலிருந்து உதாரணம் காட்டலாம். கலிஃபோர்னியாவில் நாபா பள்ளத்தாக்கின் மொண்டாவி குடும்பம். அண்ணன் ஓடி ஓடி வளர்த்தார், கடைசியில் கைவிட்டுப் போனது. தம்பி இருந்ததைக் கட்டிக் காத்தார், அது இன்னும் பிள்ளைகளிடம் இருக்கிறது. நான் ஒயின் நிபுணன் இல்லை. அங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் குடியிருக்கிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் நாபாவைச் சுற்றிக் காட்டும் சம்பளமில்லாத டிரைவர், அவ்வளவுதான்.

கொரோனாவுக்கு முந்தைய வருஷம் ஜூலையில் மாமா வந்திருந்தார். அம்மாவின் அண்ணன். கம்பம் பக்கத்தில் பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். ஓக்வில் என்ற இடத்தில், நெடுஞ்சாலை 29-ஐ ஒட்டியிருக்கும் ராபர்ட் மொண்டாவி ஆலைக்குக் கூட்டிப் போனேன். பாட்டில் லேபிளில் வருகிற அந்தப் பெரிய வளைவும் கோபுரமும் முன்னால் நிற்கும். எல்லோரும் அங்கே போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, மாமா நேராகக் கொடிக்குப் போய்விட்டார்.

"என்ன மாப்ள, பந்தலே இல்ல?"

கம்பத்தில் கொடி தலைக்கு மேலே பந்தலில் படரும், நாம் நிழலில் நின்றுகொண்டு கொத்தைப் பார்ப்போம். இங்கே கொடியை இடுப்பு உயரத்தில் கம்பியில் வரிசையாகக் கட்டியிருப்பார்கள். அதைக்கூட மாமா பொறுத்துக்கொண்டார். இரண்டு வரிசை தள்ளி ஒருவர் கத்தரியால் பச்சைக் கொத்துகளை வெட்டி வெட்டித் தரையில் போட்டுக்கொண்டிருந்தார். மாமா குனிந்து ஒரு கொத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொத்தை இல்லை, நோய் இல்லை. "நல்ல காயை ஏன் இப்படிப் போடுறான்?"

கொடியில் கொத்து குறைந்தால் மிச்சமிருப்பதில் ருசி ஏறும், இவர்களுக்கு எடையைவிட ருசிக்குத்தான் விலை என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அறுவடையும் வருஷத்துக்கு ஒரே தடவை. கம்பத்தில் கவாத்து பண்ணும் நாளை மாற்றி மாற்றி, வருஷம் பூராவும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இறங்கிக்கொண்டே இருக்கும். நாபாவில் நட்ட கொடி உருப்படியாகக் காய்க்க மூன்று வருஷமாவது வேண்டும். அப்புறம் கபர்னே மாதிரியான நல்ல சிவப்பு ஒயின் என்றால் ஓக் மரப் பீப்பாயில் ஒன்றரை, இரண்டு வருஷம். அதற்கப்புறம் பாட்டிலில் கொஞ்ச நாள். ஒரு பீப்பாயில் 225 லிட்டர், அதாவது 300 பாட்டில். அவ்வளவும் பணமாகாமல் இருட்டறையில் படுத்திருக்கும்.

மாமா விரல் விட்டு எண்ணினார். "அப்ப அஞ்சாறு வருஷம் வட்டி மட்டும் கட்டணும்."

அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் மொண்டாவி வீட்டில் நடந்தது முக்கால்வாசி விளங்கிவிடும்.

அப்பா செசரே மொண்டாவி இத்தாலியிலிருந்து வந்தவர். மினசோட்டாவில் இரும்புச் சுரங்க வேலை. மனைவி ரோசா தொழிலாளிகளுக்குச் சமைத்துப் போட்டு, தங்க இடமும் கொடுத்தவர். 1920-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தது. ஆனால் வீட்டு உபயோகத்துக்கு வருஷம் 200 கேலன் வரை செய்துகொள்ளலாம் என்று ஒரு சந்து திறந்திருந்தது. அங்கிருந்த இத்தாலியர்கள் பழம் வாங்கிவரச் செசரேயைக் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பினார்கள். வாங்கப் போனவர் அந்த ஊரிலேயே நின்றுவிட்டார். லோடை என்ற ஊரில் குடியேறி, பழத்தைப் பெட்டி போட்டு ரயிலில் அனுப்பும் தொழில். மதுவிலக்கில் காசு பார்த்த ஒயின் குடும்பம்!

1943-இல் நாபாவில் சார்லஸ் க்ரக் என்ற பழைய ஆலை விலைக்கு வந்தது. 1861-இல் தொடங்கியது. 75,000 டாலருக்கு வாங்கினார்கள். மூத்தவர் ராபர்ட்டுக்கு விற்பனையும் வெளிவேலையும், இளையவர் பீட்டருக்குத் தயாரிப்பு. குளிர்ந்த நிலையில் நொதிக்க வைக்கும் முறையில் பீட்டர் முன்னோடி, ஆனால் ஊர் உலகத்துக்குத் தெரிந்ததென்னவோ ராபர்ட்டின் பெயர்தான். ராபர்ட்டுக்கு பிரான்சுக்குச் சமமாக நிற்கவேண்டும் என்று வெறி. தம்பிக்கு, இவ்வளவு செலவு எதற்கு என்று எரிச்சல். 1959-இல் அப்பா காலமான பிறகு இரண்டு பேரையும் பிடித்து நிறுத்த ஆளில்லை.

1965-இல் வெடித்தது. வெள்ளை மாளிகை விருந்துக்கு அழைப்பு வந்தபோது ராபர்ட் தன் மனைவிக்கு விலை உயர்ந்த மிங்க் ரோமக் கோட்டு ஒன்று வாங்கியிருந்தார். குடும்பம் கூடியிருந்த இடத்தில், அதற்குக் கம்பெனிப் பணத்தில் கைவைத்தாயா என்று பீட்டர் கேட்டுவிட்டார். ராபர்ட் தம்பியை அடித்துவிட்டார். ஒரு கோட்டுக்காகப் பிரிந்தார்கள் என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் வீட்டிலும் ஒரு பங்கு ஒரு மோட்டார் ஷெட் சாவியில் முறிந்தது. சாவி வருவதற்குப் பத்து வருஷம் முன்பே பேச்சு நின்றுபோயிருந்தது.

ராபர்ட்டை ஒதுக்கினார்கள். அவர் மகனுக்கும் க்ரக்கில் இடமில்லை என்றானது. 1966-இல், 53 வயதில், கடன் வாங்கி, கூட்டாளி சேர்த்து, ஓக்வில்லில் தன் பெயரிலேயே ஆலை தொடங்கினார். நாங்கள் நின்ற இடம் அதுதான். ஒரு பீர் கம்பெனி கணிசமான பங்கு போட்டிருந்தது. தம்பியோடு பங்கு வழக்கு நடந்து, 1976-இல் தீர்ப்பு ராபர்ட் பக்கம் வந்தது. அந்தப் பணத்தில் 1978-இல் பீர் கம்பெனிக்காரர்களின் பங்கைத் திருப்பி வாங்கினார்.

வளர்ந்த விதம் சுவாரசியமானது. யாரும் சீண்டாத சோவின்யோன் பிளாங்க் ரகத்தை இனிப்பில்லாமல் செய்து, பீப்பாயில் வைத்து, 1968-இல் 'ஃப்யூமே பிளாங்க்' என்று புதுப்பெயர் சூட்டி விற்றார். ஆலையைச் சுற்றிக் காட்டினார், ருசி பார்க்கக் கொடுத்தார், 1969-இலிருந்து கோடையில் அங்கேயே இசைக் கச்சேரி வைத்தார். இன்று நாபாவில் எந்த ஆலைக்குப் போனாலும் நடப்பது ஏறக்குறைய இதுதான். 1976-இல் பாரிசில் நடந்த புகழ்பெற்ற ருசிப் போட்டியில் பிரெஞ்சு ஒயின்களைத் தோற்கடித்த இரண்டு நாபா ஒயின்களைச் செய்தவர்களும் இவரிடம் வேலை பார்த்துப் போனவர்களே. 1979-இல் பிரான்சின் பெரிய ஒயின் ஆலை முதலாளி பரோன் ஃபிலிப் டி ரோத்ஷீல்டோடு சேர்ந்து ஓபஸ் ஒன் என்ற விலை உயர்ந்த ஒயின்.

அதே 1979-இல் இன்னொன்றும் செய்தார், அதுதான் எனக்கு உறுத்துகிறது. லோடை பக்கத்தில் ஒரு கூட்டுறவு ஆலையை வாங்கி, வுட்பிரிட்ஜ் என்று மலிவு விலை ஒயின் தொடங்கினார். கொள்ளை கொள்ளையாக விற்றது. ஆனால் விசேஷத்துக்கு வாங்கும் பாட்டிலிலும் மளிகைக்கடை அடித்தட்டுப் பாட்டிலிலும் மொண்டாவி என்ற ஒரே பெயர். பட்டுப்புடவைக் கடைக்காரர் அதே பெயரில் நைட்டி விற்ற மாதிரி.

அடுத்து பூச்சி வந்தது. ஃபில்லாக்ஸெரா, வேரை உறிஞ்சும் அசுவினி இனம். தாங்கும் என்று சொல்லி ஒட்டுக் கட்டியிருந்த வேர்ச்செடி தாங்கவில்லை. 1980-களிலும் 90-களிலும் நாபாவில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கொடியைப் பிடுங்கி மறுநடவு செய்ய வேண்டியதாயிற்று. மாமா எண்ணிய அந்த ஐந்தாறு வருஷம் மறுபடியும் முதலிலிருந்து. அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? 1993-இல் பங்குச்சந்தைக்குப் போனார்கள். குடும்பத்தின் ஒரு பங்குக்குப் பத்து ஓட்டு என்று வைத்துக்கொண்டதால் பிடி தங்களிடமே இருக்கும் என்று நினைத்தார்கள்.

நான் வேலை பார்ப்பதும் பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனியில்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்குக் காட்டியாக வேண்டும். ஐந்தாறு வருஷத்தில் பலன் தரும் தொழிலும் மூன்று மாதக் கணக்கும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவது கஷ்டம். இதற்கு நடுவே ராபர்ட் டேவிஸ் பல்கலைக்கழகத்துக்கு 3.5 கோடி டாலர் தருவதாகச் சொல்லிவிட்டார், வேறு நன்கொடைகளும் இருந்தன. மகன்கள் மைக்கேலுக்கும் டிமுக்கும் ஒத்துவரவில்லை, அப்பாவும் சித்தப்பாவும் மாதிரியே. 2004-இல் அந்தப் பத்து ஓட்டையும் விட்டுக்கொடுத்தார்கள். அந்த வருஷ முடிவிலேயே கான்ஸ்டலேஷன் என்ற பெரிய மது நிறுவனம் கடனோடு சேர்த்து 136 கோடி டாலருக்கு மொத்தத்தையும் வாங்கிவிட்டது. காசு வந்தது, வாசலில் பெயரும் இருந்தது. ஆலை வேறொருவருடையது.

பீட்டரின் க்ரக் ஆலை வடக்கே 15 நிமிஷ ஓட்டம். வழக்கில் தோற்று, கடனில் கிடந்து, பல வருஷம் யாரும் பேசாத ஆலையாக இருந்தது. அவர் 2016-இல் 101 வயதில் காலமானார். பிள்ளைகள் நடத்துகிறார்கள். எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: நிற்கும், ஆனால் கொடி வளரும் வேகத்துக்குமேல் வளர ஆசைப்படக்கூடாது, பங்காளிகளுக்குள் யார் எதைப் பார்ப்பது என்று அப்பா இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். ராபர்ட்டைக் குறை சொல்ல மனசு வரவில்லை, அவர் இல்லையென்றால் மாமாவை நான் அந்தப் பக்கமே கூட்டிப் போயிருக்க மாட்டேன்.

க்ரக் ஆலையின் வாகன நிறுத்தத்தில் வைத்து மிச்சக் கதையைச் சொன்னேன். 2005-இல், 40 வருஷம் கழித்து, அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரே ஒரு பீப்பாய் ஒயின் செய்தார்கள். பழம் ஆளுக்குப் பாதி. நாபா ஏலத்தில் அது 4,01,000 டாலருக்குப் போனது.

மாமா விலையைக் கண்டுகொள்ளவில்லை. "அவங்க அம்மா அப்ப இருந்தாங்களா?"

"இல்ல மாமா. 76-லயே போயிட்டாங்க."

சட்டைப் பையில் கையை விட்டார். ஓக்வில்லில் தரையிலிருந்து பொறுக்கிய அந்தப் பச்சைக் கொத்து. ஒரு காயைப் பிய்த்துக் கடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்துத் துப்பினார்.

"வண்டிய எடு மாப்ள, பசிக்குது."