பெரும்பாலும் அமைதியான ஆறு, கொஞ்ச தூரம் பாறை இடுக்கு: சொந்தக் கயாக்கில் போகலாமா?

கேள்வி: மலேசியாவில் ரவாங்கில் வசிக்கிறோம். நானும் இரண்டு நண்பர்களும் புத்ராஜெயா ஏரியிலும், கோல சிலாங்கூரில் மின்மினி பார்க்கும் பகுதியிலும் பலமுறை கயாக் ஓட்டியிருக்கிறோம். காற்றடைக்கும் கயாக் இரண்டு சொந்தமாக உள்ளன. தீபாவளி விடுமுறையில் கோல குபு பாருவுக்கு மேலே சிலாங்கூர் ஆற்றில் இறங்கி, அப்படியே கீழே வர நினைக்கிறோம். மேலே பாறைகளுக்கு நடுவே கொஞ்ச தூரம்தான் வேகம், மற்றதெல்லாம் அமைதி என்கிறார்கள். வழிகாட்டி இல்லாமல் சமாளிக்கலாமா? என் 11 வயது மகனையும் அழைத்து வரலாமா?

பதில்: அமைதியான பகுதிக்கு உங்கள் அனுபவம் போதும். பாறைப் பகுதிக்குப் போதாது. இரண்டையும் ஒரே பயணமாக நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அந்தக் கொஞ்ச தூரம்தான் படகு எது, உடுப்பு எது, எந்த மாதம், எத்தனை மணி என்று எல்லாவற்றையும் முடிவு செய்யும். மீதி பத்து மடங்கு தூரம் அமைதியாக இருப்பதால் அதில் எதுவும் மாறாது.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பாருங்கள். 20 மீட்டர் அகலத்தில் நிதானமாக வரும் ஆறு 5 மீட்டர் இடுக்கில் நுழைகிறது. ஆழம் மாறாவிட்டால் வேகம் நான்கு மடங்காக வேண்டும். வேகம் நான்கு மடங்கானால் உங்கள் காலையோ படகையோ தள்ளும் விசை பதினாறு மடங்கு. இடுக்கில் ஆழமும் கூடும் என்பதால் உண்மையில் அவ்வளவு ஏறாது. ஆனாலும் ஏரியில் உங்கள் தோள் பழகிய நீர் இது இல்லை. கயாக்கில் 200 லிட்டர் நீர் புகுந்தால் 200 கிலோ எடை. அது ஒரு பாறையில் சாய்ந்து, நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டால், கரையில் நிற்கும் இரண்டு நண்பர்களால் இழுத்து எடுக்க முடியாது.

வேகநீரை உலகெங்கும் 1 முதல் 6 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். நீங்கள் இதுவரை ஓட்டியது ஒன்றுக்கும் கீழே. மேல் சிலாங்கூர் ஆறு சாதாரண நீரில் 2, 3 என்று சொல்லப்படும். மழை பெய்தால் அதே பாறை, அதே வளைவு, நிலை மட்டும் ஏறிவிடும்.

அந்த மழை உங்கள் தலைமேல் பெய்ய வேண்டும் என்பதுகூட இல்லை. பிரேசர் மலைப் பக்கம் ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், கீழே வெயிலில் நிற்கும் உங்களிடம் கெப்பாலா ஆயர், அதாவது திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம், வந்து சேரும். மேலே அணையும் இருக்கிறது. நீர் திறந்துவிட்டால் மட்டம் மாறும். பழைய ஊர் இருந்த இடத்தின் பெயரையே கவனியுங்கள்: அம்பாங் பெச்சா, அதாவது உடைந்த அணை. 1883 அக்டோபர் இறுதியில் பெருமழையில் பழைய அணை உடைந்து ஊரை அடித்துச் சென்றது. பிறகும் வெள்ளம் ஓயாமல், ஊரே மேட்டுக்கு மாறியது. கோல குபு பாரு என்ற பெயரில் உள்ள ‘பாரு’ அந்தப் புது ஊர்தான்.

அதனால் தீபாவளி நேரம் வேண்டாம். அக்டோபர், நவம்பரில் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை அதிகம், ஏப்ரலும் அப்படித்தான். ஜனவரி கடைசி, பிப்ரவரி, அல்லது ஜூன், ஜூலை பாருங்கள். எந்த மாதமானாலும் காலையில் இறங்கி மதியத்துக்குள் கரை ஏறிவிடுங்கள். முந்தைய நாளே வடிகால் நீர்ப்பாசனத் துறையின் ‘இன்ஃபோ பஞ்சிர்’ பக்கத்தில் மழை அளவையும் ஆற்று மட்டத்தையும் பார்க்கலாம்.

கரையில் செய்ய ஒரு எளிய சோதனை உண்டு. இறங்கும் இடத்தில், நீர் தொடும் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். படகில் காற்று நிரப்பி முடிக்க எப்படியும் இருபது நிமிடம் ஆகும். திரும்பிப் பார்க்கும்போது குச்சி நீருக்குள் போயிருந்தால் அன்று இறங்காதீர்கள். தெளிந்த நீர் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்துக்கு மாறுகிறதா, இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருகின்றனவா, ஆற்றின் சத்தம் கனக்கிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சாமானை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள்.

சரி, பாறைப் பகுதியை எப்படிப் பார்ப்பது? அங்கே ராஃப்டிங் நடத்தும் உள்ளூர் வழிகாட்டிகளோடு அவர்களுடைய படகிலேயே முதலில் போங்கள். அன்று அணை நீர் எப்படி என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். போகும்போது வேடிக்கை மட்டும் பார்க்காமல் நீரைப் படியுங்கள். ஆறு ஓடும் திசையில் நாக்கு நீட்டியதுபோல வழவழப்பாக இறங்கும் நீர்தான் படகுக்கு வழி. ஆறு வரும் பக்கம் முனை காட்டும் அலைக்கு அடியில் பாறை. பாறைக்குப் பின்னால் நீர் திரும்பி நிற்கும் அமைதியான இடம் ஓய்விடம். அந்த ஓய்விடத்துக்குள் நினைத்தபோது படகைத் திருப்பி நிறுத்தத் தெரிந்த பிறகுதான் சொந்தக் கயாக்கைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கவிழ்ந்தால் எழுந்து நிற்காதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். வேகநீரில் முட்டியளவு ஆழத்தில் நான் ஒருமுறை எழுந்து நின்றேன். வலது பாதம் இரண்டு கல்லுக்கு நடுவே இறங்கியது, பின்னாலிருந்து நீர் தள்ளியது, முகம் நீருக்குள். பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்ததால் கால் விடுபட்டது. அவர் ஐந்தடி தள்ளி இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மல்லாந்து படுங்கள், கால் ஆறு ஓடும் திசையில், கால்விரல் நுனி நீருக்கு மேலே. அமைதியான நீருக்கு வந்த பிறகே எழுங்கள். விழுந்த மரம் குறுக்கே கிடந்தால் மட்டும் இந்த முறை ஆகாது. குப்புறத் திரும்பி முழு பலத்தோடு விலகி நீந்த வேண்டும். கிளைகள் நீரை விடும், ஆளை விடாது.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு வார்களை இறுக்கிய பின், தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அது தளர்வு. பாறைப் பகுதியில் ஹெல்மெட், கட்டிய காலணி கட்டாயம். ஜப்பான் செருப்பு ஆகாது. 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் கயிறு பையில் இருக்கட்டும். அதை எறியும் ஆள் இடுக்குக்குக் கீழே கரையில் முன்பே நிற்க வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். படகிலும் தொங்கும் கயிறு எதுவும் வேண்டாம்.

கீழே அமைதியான பகுதியில் உங்கள் கயாக் நன்றாகவே ஓடும். அங்கே பயப்பட வேண்டியது தடுப்பணைகளுக்குத்தான். நீர் எடுக்கக் கட்டிய சிமெண்டுத் திட்டு முழங்கால் உயரமே இருக்கும், சத்தமும் வராது. ஆனால் அதன் அடியில் விழும் நீர் திரும்பத் திரும்ப உள்ளே சுருட்டும். சிக்கியவர் எவ்வளவு நீந்தினாலும் வெளியே விடாது. வரைபடத்தில் முன்பே குறித்துவைத்து, நன்றாகத் தள்ளியே கரை ஏறி, படகைத் தூக்கிக்கொண்டு நடந்து போங்கள்.

மகனைப் பாறைப் பகுதிக்கு இந்த முறை வேண்டாம். கீழ்ப் பகுதிக்குத் தாராளமாகக் கூட்டி வாருங்கள், உங்கள் படகிலேயே முன்னால் உட்காரட்டும். அதற்கு முன் ஏதாவது ஏரியில் ஒரு ஞாயிறு காலை, பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்க, வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, அவன் மிதந்தபடி உங்களை நோக்கி வருவதைப் பழக்குங்கள். மூன்றாவது முறை அவன் சிரித்துக்கொண்டே வந்தால் தயார்.

அப்புறம், காலில் கையில் சிராய்ப்பு இருந்தால் நீர் படாதபடி மூடுங்கள். திரும்பி வந்த சில வாரங்களுக்குள் யாருக்காவது காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் கிளினிக்கில் ‘ஆற்றில் இறங்கினோம்’ என்று முதலிலேயே சொல்லுங்கள். எலிக்காய்ச்சலாக இருந்தால் சீக்கிரம் மருந்து தொடங்குவது முக்கியம். டாக்டருக்கு அந்தச் சந்தேகம் வர நீங்கள் சொன்னால்தான் வழி.