பதற்றக்காரரின் நரம்பும் கணவாயின் நரம்பும் ஒன்றுதானா?

கேள்வி: எதற்கெடுத்தாலும் பதறுபவரின் நரம்புக் கலங்கள் மற்றவர்களுடையதைவிட எளிதில் அருட்டப்படுபவையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. கலத்தின் அருட்டப்படும் தன்மை, அதாவது தூண்டலுக்கு மின்துடிப்பால் பதிலளிக்கும் தன்மை, அளக்கக்கூடிய மின் விவகாரம். ஓய்விலுள்ள நரம்புக் கலத்தின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்நிலையில் இருக்கும். தூண்டல் அதை 55 அளவுக்குக் குறைத்தால் கலத்தின் மென்சவ்விலுள்ள சோடியம் வாயில்கள் திறந்து, மின்னேற்றமுள்ள சோடியம் அயன்கள் உள்ளே பாயும். ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கனில் கணத்தாக்கம் எனும் அந்த மின்துடிப்பு எழுந்து அடங்கிவிடும். அந்த எல்லையைத் தொடாவிட்டால் எதுவும் கிளம்பாது. தொட்டால் முழுதாகக் கிளம்பும். அரைக்கோபம் என்பது கலத்துக்குத் தெரியாது.

இதைக் கண்டறிய உதவியது நம் திருகோணமலைக் கரையில் கூடை கூடையாக இறங்கும் கணவாயின் உறவினம்தான். அதன் உடற்சுவரில் ஓடும் நரம்பிழை அரை மில்லிமீற்றர் வரை தடிப்பானது. உள்ளே மின்வாய் செருகலாம். அதில் மின்னை அளந்த பிரித்தானிய அறிவியலாளர்கள் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் வெளியிட்ட ஆய்வுக்கு 1963இல் நோபல் பரிசு கிடைத்தது. வலையிலிருந்து எடுத்த கணவாயை உற்றுப் பாருங்கள்: உயிர் போன பின்னும் தோலின் செம்புள்ளிகள் விரிந்து சுருங்கும். புள்ளிகளை இழுக்கும் தசைகள் இன்னும் அருட்டப்படுகின்றன. பதற்றமோ, பாவம், அதற்கு இல்லை.

மனிதரின் சுபாவம் கோடிக்கணக்கான கலங்களின் அருட்டலும் தடுப்பும் சேர்ந்த கணக்கு. வளர்ப்பும் தூக்கமும்கூட அதில் உண்டு. ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் அருட்டல், தடுப்பு ஆகியவற்றின் வலுவையும் சமநிலையையும் மாறும் வேகத்தையும் வைத்துச் சுபாவங்களைப் பிரித்தார்.

கலத்தின் அருட்டலும் மனிதரின் சுபாவமும் நேரடியாகச் சந்திக்கும் இடம் நோய். இரத்தத்தில் கல்சியம் மிகவும் குறைந்தால் நரம்புகள் சும்மாவே அருட்டப்பட்டு விரல்கள் இழுத்துக்கொள்ளும். தைரொய்ட் சுரப்பு மிகுந்தாலும் படபடப்பும் எரிச்சலும் வரும். ஆகவே திடீரென்று சுபாவம் மாறியவரைத் திட்டுவதற்கு முன் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.