உங்கள் ஜார் வேறு கணினியில் ஓடாததற்குக் காரணம்
வணக்கம். எக்லிப்ஸில் (நிரல் எழுதும் மென்பொருள்) நன்றாக ஓடும் ஜாவா நிரல், ஜாராக (நிரலை ஒரே கோப்பாகக் கட்டிய தொகுப்பு) மாற்றியதும் நண்பரின் கணினியில் ‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்’ (தேவையான கிளாஸ் கிடைக்கவில்லை என்ற பிழை) தருகிறது, நூலகங்கள் (பிறர் எழுதிய ஆயத்த நிரல்கள்) இருக்கும் இடத்தைச் சொல்லும் ‘-சிபி’ கொடுத்தும் பலனில்லை என்று கேட்டிருந்தீர்கள். ‘-ஜார்’ போட்டு ஓட்டினால் ஜாவா அந்த ‘-சிபி’யைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஜாருக்குள் அதன் விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பின் ‘கிளாஸ்-பாத்’ வரியைத்தான் நம்பும். நூலக ஜார்களை உங்கள் ஜாருக்குள் அப்படியே போட்டாலும் பயனில்லை, உள்ளே இருக்கும் ஜாரை அது திறந்து படிக்காது.

நீங்கள் மேவன் (நூலகங்களைத் தருவித்து நிரலைக் கட்டும் கருவி) வைத்திருப்பதால், அதன் ஷேட் பிளகினைச் (துணைக்கருவி) சேருங்கள். எல்லா நூலகங்களையும் பிரித்து ஒரே ஜாராகக் கட்டிவிடும். இங்கே பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: டிஜிட்டல் கையொப்பமிட்ட நூலகம் ஏதாவது இருந்தால், ஓட்டும்போது ‘இன்வாலிட் சிக்னேச்சர் ஃபைல் டைஜஸ்ட்’ என்று கத்தும். மெட்டா-இன்ஃப் அடைவில் ‘.எஸ்எஃப்’, ‘.டிஎஸ்ஏ’, ‘.ஆர்எஸ்ஏ’ என்று முடியும் கையொப்பக் கோப்புகளை ஷேடின் ஃபில்டரில் விலக்கினால் சரியாகிவிடும். அப்புறம், ஷேட் அமைப்பில் ‘சர்வீசஸ் ரிசோர்ஸ் டிரான்ஸ்ஃபார்மர்’ சேர்க்க மறக்காதீர்கள். இல்லையென்றால் ஒரே பெயருள்ள சர்வீஸ் கோப்புகளில் (எந்த கிளாஸை ஏற்ற வேண்டும் என்று சொல்பவை) ஒன்று மட்டும் மிஞ்சி, தரவுத்தளத்தோடு இணைக்கும் ஜேடிபிசி டிரைவர் காணாமல் போகலாம்.

நண்பரிடம் ஜாவாவே இல்லையென்றால் நிரலோடு ஜாவாவையும் சேர்த்துக் கட்டும் ஜேபேக்கேஜ் கருவியைப் பாருங்கள். ஜேடிகே (ஜாவா நிரல் உருவாக்கும் தொகுப்பு) 16 முதல் முழுமையாக வருகிறது.