ஓவர்டேக் எடுக்கும்போது மட்டும் கார் விக்குகிறது, ஸ்கேனரில் கோட் எதுவும் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: பெட்ரோல் கார். ஐட்லிங் ஒழுங்காக இருக்கிறது, ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியவில்லை. முந்திப்போக ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ஒரு நொடி தயங்குகிறது, அப்புறம் இழுக்கிறது. செக் இஞ்சின் விளக்கு எரியவில்லை, பட்டறையில் ஸ்கேன் செய்தால் கோட் (பழுதைச் சொல்லும் எண்) இல்லை என்கிறார்கள். போனோடு இணைக்கும் ஸ்கேனர் வாங்கினால் பயன் உண்டா?

உண்டு. ஆனால் கோட் படிக்கத்தான் என்றால் வாங்க வேண்டாம், அந்த வேலையைப் பட்டறையிலேயே முடித்துவிட்டார்கள். ஓடும்போது சென்சார்கள் சொல்வதைப் பதிவு செய்ய வாங்குங்கள். எனக்கு இதே நோய் வந்தது. நான் மெக்கானிக் இல்லை, காரைக்குடியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். எண்களை வரிசையாகப் பார்த்தால் எங்கேயோ உதைக்கிறது என்று தோன்றும் பழக்கம் மட்டும்தான் இதில் எனக்கு உதவியது.

கார் 2013 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல். கோட்டையூர் தாண்டித் திருமயம் ரோட்டில் ஏறி இருபது நிமிடம் ஓடி இஞ்சின் நன்றாகச் சூடானதும், மூன்றாவது கியரில் லாரியை முந்த அழுத்துவேன். விக்கல் எடுத்த மாதிரி ஒரு குலுக்கு. எதிரே பஸ் வரும்போது அந்த ஒரு நொடி எவ்வளவு நீளம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பட்டறையில் முதலில் பிளக் நான்கையும் மாற்றினார்கள். சரியாகவில்லை. அப்புறம் காயில் (பிளக்குக்குப் பொறி தருவது), அப்புறம் திராட்டில் பாடி (இஞ்சினுக்குக் காற்று நுழையும் வாசல்) கிளீனிங். ஒவ்வொரு தடவையும் "இப்ப ஓட்டிப் பாருங்க சார்" என்பார்கள். காரைக்குடிக்குள் ஓட்டினால் நன்றாகத்தான் இருக்கும். கானாடுகாத்தான் விலக்கு வருவதற்குள் பழைய குருடி கதவைத் திறடி.

கோட் ஏன் வரவில்லை? இசியூ, அதாவது இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர், ஒரு சென்சாரின் அளவு வரம்பைத் தாண்டினாலோ, குறிப்பிட்ட நேரம் தொடர்ந்து தப்பாக இருந்தாலோதான் கோட் போடும். இரண்டு நொடி விக்கலெல்லாம் அதன் கணக்கிலேயே வராது. எல்லா சென்சாரும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இஞ்சினுக்குப் பெட்ரோல் குறைந்தால், யார்மேல் குற்றம் எழுதுவது என்று அதற்கும் தெரியாது.

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரை மாட்டும் 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் ஒரு புளூடூத் அடாப்டரைச் செருகி, போனில் ஆப் போட்டால் பதிவு தொடங்கிவிடும். இங்கே நான் செய்த முதல் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆப்பில் இருந்த இருபத்துநாலு அளவுகளையும் டிக் செய்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தால் விக்கலுக்கான தடயமே இல்லை. மலிவு அடாப்டர் ஒவ்வொரு அளவையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கேட்டு வாங்கும். இருபத்துநாலையும் கேட்டு முடித்து முதல் அளவுக்குத் திரும்புவதற்குள் சில நொடிகள் போய்விடும். என் விக்கல் இரண்டு வரிகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டது. ஐந்தாறு போதும்: ஆர்பிஎம், திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற சதவீதம், மேப் (மேப் இல்லாத வண்டியென்றால் மாஃப், உள்ளே போகும் காற்றின் அளவைச் சொல்லும் சென்சார்), புகைக்குழாயில் முன்பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் வோல்ட், ஷார்ட் டேர்ம் ட்ரிம் (பெட்ரோலை இசியூ அந்தந்த நொடியில் கூட்டிக் குறைக்கும் சதவீதம்), லாங் டேர்ம் ட்ரிம் (அதையே நாள்போக்கில் கற்றுக்கொண்டது).

இரண்டாவது தடவை பத்தாம் வகுப்பு படிக்கும் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். தயவுசெய்து தனியாகப் போய், ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்காதீர்கள். வண்டி விக்கும்போது நான் "இப்ப" என்பேன், அவள் போன் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை நோட்டில் எழுதுவாள். திருமயம் கோட்டை கண்ணில் படுவதற்குள் நான்கு "இப்ப" ஆகிவிட்டது. அதில் ஒன்று, பைலில் இப்படி இருந்தது:

11:42:15, திராட்டில் 21, மேப் 48, ஆர்பிஎம் 2150, ஆக்சிஜன் 0.72
11:42:16, திராட்டில் 64, மேப் 95, ஆர்பிஎம் 2180, ஆக்சிஜன் 0.31
11:42:17, திராட்டில் 66, மேப் 96, ஆர்பிஎம் 2190, ஆக்சிஜன் 0.08
11:42:18, திராட்டில் 66, மேப் 96, ஆர்பிஎம் 2210, ஆக்சிஜன் 0.06
11:42:19, திராட்டில் 43, மேப் 74, ஆர்பிஎம் 2310, ஆக்சிஜன் 0.81

இதை மெதுவாகப் படிக்க வேண்டும். நான் மிதித்தேன், திராட்டில் 21இலிருந்து 64க்குப் போனது. பெடலும் திராட்டிலும் சொன்னபடி கேட்கின்றன. மேப் என்பது இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (காற்றை இஞ்சினுக்குள் கொண்டுபோகும் குழாய்) இருக்கும் அழுத்தம், கிலோபாஸ்கலில். சூடான இஞ்சின் ஐட்லிங்கில் 30, 40 காட்டும், முழுக்கத் திறந்தால் வெளிக்காற்றின் அழுத்தமான 100ஐ ஒட்டி வரும். 95 வந்துவிட்டது, ஆக காற்று தாராளமாக உள்ளே போகிறது. ஆனால் ஆர்பிஎம் நகரவில்லை. ஆக்சிஜன் சென்சாரைப் பாருங்கள். இந்த வகை சென்சார் சாதாரண ஓட்டத்தில் 0.1க்கும் 0.9க்கும் நடுவே ஊஞ்சல் ஆடும், நடுக்கோடு 0.45, அதற்கு மேலே போனால் பெட்ரோல் அதிகம், கீழே போனால் காற்று அதிகம். நன்றாக அழுத்தும்போது இசியூ பெட்ரோலைக் கூட்டி ஊற்றும், அப்போது 0.85ஐ ஒட்டி நிற்க வேண்டும். எனக்கு 0.06. காற்று நிறைய, பெட்ரோல் பற்றவில்லை.

கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது. விக்கியதும் பழக்கத்தில் நானே காலைக் கொஞ்சம் தூக்கியிருக்கிறேன். திராட்டில் 66இலிருந்து 43க்கு இறங்கியதும் ஆக்சிஜன் 0.81க்கு ஏறி, வண்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. இத்தனை நாளும் வண்டி தானே சரியாகி இழுக்கிறது என்று நினைத்திருந்தேன். இஞ்சினின் பாதிப் பசிக்குப் பெட்ரோல் போய்ச் சேர்கிறது, முழுப் பசிக்குப் போதவில்லை, அவ்வளவுதான். நீங்களும் உங்கள் காலைக் கவனியுங்கள்.

அடுத்து லாங் டேர்ம் ட்ரிம். இசியூ தன் அடிப்படைக் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்று நாள்போக்கில் கற்றுக்கொண்ட எண் இது. எனக்கு ஐட்லிங்கில் +3, ஒரே சீராக 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது +8, நன்றாக இழுக்கும்போது +16. வேலை கூடக்கூடப் பற்றாக்குறையும் கூடுகிறது என்றால் சந்தேகம் பெட்ரோல் வரும் வழிமேல்: பம்ப், ஃபில்டர், அதற்குப் போகும் கரண்ட். (மாஃப் உள்ள வண்டியில் அந்த சென்சார் அழுக்காகிக் காற்றைக் குறைத்துச் சொன்னாலும் இதே மாதிரிதான் வரும். நம் செம்மண் புழுதிக்கு ஏர் ஃபில்டரைச் சரியாக மாட்டாமல் விட்டால் அது நடக்கும்.) இதற்கு நேர்மாறாக, ஐட்லிங்கில் +15 இருந்து வேகத்தில் +3க்கு இறங்கினால் எங்கோ ஓஸ் பிய்ந்து காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. அதுவும் மாஃப் வண்டிக்குத்தான் இவ்வளவு தெளிவாகத் தெரியும். மேப் மட்டும் உள்ள வண்டியில் நுழைந்த காற்றையும் மேப் அளந்துவிடுவதால் ட்ரிம் பெரிதாக மாறாது, ஐட்லிங் மட்டும் ஏறி நிற்கும்.

ஐட்லிங்கில் இருந்த +3ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் முழுதாக எரியக் காற்று குறைவாகப் போதும். சுத்தப் பெட்ரோல் 1 கிலோவுக்குக் காற்று 14.7 கிலோ என்றால், 20 சதவீத எத்தனால் கலந்ததற்கு ஏறக்குறைய 13.5. அதே காற்றுக்கு இசியூ கூடுதலாக ஊற்றித்தான் ஆக வேண்டும். பழைய வண்டியில் எல்லா வேகத்திலும் சீராக நான்கைந்து சதவீதம் கூடி நிற்பது இதனாலும் இருக்கலாம். வேகத்துக்கு வேகம் மாறுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. ஆக்சிஜன் சென்சார் அளப்பது ஆக்சிஜனைத்தான், பெட்ரோலை இல்லை. பிளக் பொறி விடாமல் மிஸ்ஸிங் ஆனாலும் எரியாத காற்று அப்படியே வெளியே வந்து 0.1 காட்டும். என் பட்டறைக்காரர் பிளக்கையும் காயிலையும் முதலில் மாற்றியதைக் குறை சொல்ல முடியாது. அந்தச் செலவு எனக்கு அந்த வாய்ப்பை அடித்துவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பைலை எடுத்துக்கொண்டு மறுபடி பட்டறைக்குப் போனேன். பார்த்ததும் "பம்ப் போச்சு சார், அசெம்ப்ளியா மாத்திடுவோம்" என்றார். பம்ப்புக்குக் கரண்ட் சரியாக வருகிறதா என்று கேட்டேன். பின் சீட்டைத் தூக்கி, பெட்ரோல் டேங்க் மூடிமேல் இருக்கும் கப்ளரை (பம்ப்புக்குப் போகும் வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) கழற்றி, சாவியைப் போட்டு மீட்டர் வைத்துக் காட்டினார். 12.4. "கரண்ட் நல்லா வருது பாருங்க." என் முதல் பைலிலும் இசியூ வோல்ட் 14.1 என்று ஆடாமல் அசையாமல் இருந்ததால் நானும் தலையாட்டிவிட்டேன்.

எங்கள் தெருவில் ஒரு வயரிங்கார அண்ணன் இருக்கிறார், பம்ப்செட் மோட்டார் கட்டுகிறவர், கார் வேலையெல்லாம் எப்போதாவதுதான். சாயங்காலம் அவரிடம் சொன்னால் சிரித்துவிட்டார். "கழட்டிட்டு அளந்தா எல்லாம் நல்லாத்தான்டா காட்டும். சுமை ஏத்தி அளக்கணும்." சரிதான். கரண்ட் ஓடாத வயரில் வோல்ட் இறங்காது. இசியூ சொல்லும் 14.1 என்பது இசியூவின் வாசலில் அளந்தது, டேங்க் வரை போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது.

மறுநாள் அரைமணி நேரம் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்தோம். கப்ளரைக் கழற்றாமல், பின்பக்கமாக வயர் நுழையும் இடத்தில் மெல்லிய ஊசியைச் செருகி, இஞ்சின் ஓட ஓட அளந்தார். பேட்டரியில் 14.1, பம்ப்பில் 11.3. வழியில் 2.8 வோல்ட் காணாமல் போகிறது. அரை வோல்ட் போனாலே அதிகம். பம்ப் 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால் 14 வாட் சூடு, சுண்டுவிரல் நகம் அளவு இடத்துக்குள். இஞ்சினை அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கப்ளரைப் பிரித்தோம். உள்ளே ஒரு உலோகப் பின் பச்சை பூத்து, சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பாகி நெளிந்திருந்தது. உலோகம் ஏன் அரிக்கிறது என்று ஆராய்ச்சி செய்ய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் ஊரில்தான் இதுவும் நடந்தது.

புதுப் பின்னும் கப்ளரும் போட்டு, எர்த் வயரையும் சுரண்டி இறுக்கினார். சாமான் செலவு ஐந்நூறைத் தாண்டவில்லை, கூலி வாங்க மறுத்துவிட்டார். இப்போது பம்ப்பில் 13.8. பம்ப் பழையதேதான். புதுப் பம்ப் வாங்கி அந்தக் கருகிய கப்ளரிலேயே மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு வாரம் கழித்து அதே ரோட்டில் பதிவு செய்தேன்: அழுத்தும்போது ஆக்சிஜன் 0.86, லாங் டேர்ம் ட்ரிம் ஐட்லிங்கில் +3, இழுக்கும்போது +5. சீட்டுக்கு அடியில் பெட்ரோல் ஆவி இருக்கும் என்பதால் இந்த வேலையைச் சிகரெட், சால்டரிங் இரும்பு பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள். பழக்கமில்லை என்றால் கப்ளரைத் தொடவே வேண்டாம், தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

உங்கள் வண்டியில் வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். கால் அசையாமல் இருக்கும்போது திராட்டில் எண் மட்டும் சட்டென்று விழுந்து எழுந்தால் பெடல் சென்சாரோ அதன் வயரோ. இங்கே பெரிய வீடுகளில் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும் கார்கள் உண்டு, மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் முதலில் எலி கடித்த வயரைத் தேடுங்கள். காற்று, பெட்ரோல் இரண்டும் சரியாக இருந்து, அழுத்தும்போது இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) மட்டும் மளமளவென்று பின்வாங்கினால் நாக்கிங், அதாவது பெட்ரோல் கண்டபடி வெடித்து இஞ்சின் தட்டுவது: காரணம் பெட்ரோல் தரமோ உள்ளே படிந்த கார்பனோ. அரைமணி ஓடியும் கூலன்ட் சூடு 65இலேயே நின்றால் தெர்மோஸ்டாட் (இஞ்சின் சூடாகும்வரை கூலன்டைத் தடுத்து நிறுத்தும் வால்வு) திறந்தே கிடக்கிறது, இசியூ இன்னும் குளிர் இஞ்சின் என்று நினைத்து ஊற்றிக்கொண்டிருக்கும். டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், நீங்கள் பார்க்க வேண்டியது ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாய்) அழுத்தம்: இசியூ கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

பதிவு எடுத்ததும் இந்த எண்களை இங்கே போடுங்கள்: லாங் டேர்ம் ட்ரிம் ஐட்லிங்கில், 70இல், அழுத்தும்போது, விக்கும் நேரத்தில் மேப், ஆக்சிஜன். வண்டியில் இருப்பது மேப்பா மாஃப்பா என்பதையும் சொல்லுங்கள், சேர்ந்து பார்ப்போம்.